கொத்தமல்லி பாதிதான் முளைக்கிறது, முளைத்ததும் சாய்கிறது: கோளாறு எங்கே?

திருச்சி மாடி எழுதியது:

வணக்கம். மொட்டை மாடியில் ஒரு மூலையைச் சமையலுக்கு வேண்டிய தழைகளுக்கென்று மட்டும் ஒதுக்கியிருக்கிறோம். காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை நல்ல வெயில், அதன்பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், எட்டு அங்குல ஆழத்தில் பிளாஸ்டிக் தொட்டி மூன்று இருக்கிறது. 12 அங்குல க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை) நான்கு. கலவை: செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மாட்டுச் சாணம் ஒரு பங்கு. தண்ணீர் போர்வெல்.

கொத்தமல்லிக்கு மளிகைக் கடை மல்லிதான். செருப்பால் தேய்த்து உடைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் தூவியது. பத்துப் பன்னிரண்டு நாளில் பாதிக்கும் குறைவாக, அதுவும் திட்டுத் திட்டாக முளைக்கிறது. முளைத்தது இரண்டு அங்குலம் எட்டுவதற்குள் அடித்தண்டு நூல் மாதிரி மெலிந்து அப்படியே சாய்ந்துவிடுகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறோம், வாடவே விடுவதில்லை.

கூடவே இரண்டு சந்தேகம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து எடுத்த புதினாத் தண்டு, டம்ளர் தண்ணீரில் வேர் விடாமல் அழுகுகிறது. திருநீற்றுப்பச்சிலைக்கு சப்ஜா விதை போட்டால் ஒன்றுகூட வரவில்லை.

மறுபடி விதைக்க ஐப்பசி மழைக்கு முன்னால் நல்லதா, மழை விட்ட பிறகா? "உங்களுக்குக் கைராசி இல்லை" என்ற பதில் வீட்டிலேயே கிடைத்துவிட்டது, அதைத் தவிர எது சொன்னாலும் சரி.

பாத்திக்காரன் எழுதியது:

கைராசியை விடுங்கள். நீங்கள் சொன்னதில் இரண்டு வெவ்வேறு கோளாறு இருக்கிறது. முளைப்பு குறைவது ஒன்று, முளைத்தது சாய்வது இன்னொன்று. முதலாவதை மட்டும் நான் சொல்கிறேன்.

நாம் மல்லி விதை என்று எடுப்பது உண்மையில் காய். அதற்குள் அரை உருண்டையாக இரண்டு விதை முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரித்துவிட்டால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகும், ஒரு காய்க்கு இரண்டு செடி தனித்தனியாக வரும். அவ்வளவுதான் உடைப்பதன் நோக்கம். செருப்பால் தேய்ப்பது கிலோக் கணக்கில் விதைக்கிறவர்கள் களத்தில் செய்வது. ஒரு ஸ்பூன் மல்லியைச் சிமென்ட் தரையில் போட்டு அழுத்தித் தேய்த்தால் நுனியிலிருக்கும் முளைக்கரு நசுங்கிவிடும். துணியில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, மேலே துணியின் மறு பாதியை மடித்துப் போட்டு, சப்பாத்திக் கட்டையை லேசாக உருட்டுங்கள். பிறகு கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பாதிகள் முழுசாக, ஓரம் சிதையாமல் இருக்க வேண்டும். கையில் தூளும் தோலும் நிறைய ஒட்டினால் அழுத்தம் கூடிப்போனது என்று அர்த்தம். கால்வாசிக் காய் உடையாமல் கிடந்தால் பரவாயில்லை, அதுவும் முளைக்கும், நாலைந்து நாள் பிந்தி வரும்.

அடுத்தது விதையின் வயது. மளிகைக் கடை மல்லி சாம்பாருக்காக வந்தது. போன அறுவடையா, அதற்கு முந்தியதா என்று கடைக்காரருக்கே தெரியாது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து, திரும்ப வெயிலில் காய்ந்திருந்தால் மணம் இருக்கும், உயிர் இருக்காது. எனவே தொட்டியில் கொட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உடைத்த பாதிகளில் இருபதை எண்ணி எடுத்து, ஈரமான பருத்தித் துணியில் தள்ளித் தள்ளி வைத்துச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் நிழலில் வையுங்கள். தினமும் ஒருமுறை திறந்து காற்றுப்படவிட்டு, துணி காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் தெளித்து மூடுங்கள். பத்தாம் நாள் பதினான்குக்கு மேல் முளை வந்திருந்தால் நல்ல விதை. பத்து வந்தால் அளவைக் கூட்டி விதையுங்கள். ஐந்து ஆறுதான் என்றால் மிச்சம் ரசத்துக்குப் போகட்டும்.

விதைக்கடைப் பாக்கெட் வாங்கினால் லேபிளில் முளைப்புத்திறன் சதவீதமும் பரிசோதித்த தேதியும் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பொடி ஒட்டியிருந்தால் பூஞ்சாண மருந்து கலந்த விதை. அதை விதைக்கலாம், மீதியைச் சமையல் டப்பா பக்கம் கொண்டுபோகக் கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விட்ட கோ 1, கோ 2, கோ 3, கோ (சிஆர்) 4 ரகங்கள் கிடைத்தால் நம்பி வாங்கலாம். தழைக்காக மட்டும் என்றால், பெரிய உருண்டை மல்லியைவிடச் சின்ன மணி மல்லியைத்தான் நான் எடுப்பேன்.

அளவு. ஒரு டீஸ்பூன் மல்லி இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதில் ஏறத்தாழ 150 முதல் 200 காய், உடைத்தால் 300க்கு மேல் பாதிகள். ஒரு சதுர அடிக்கு இது தாராளம். உங்கள் தொட்டி ஒன்றரை சதுர அடி. ஒன்றரை டீஸ்பூன் போட்டால் போதும், கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டாம். விரலால் நான்கு அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்து, கோட்டில் விதையைச் சிந்தி, ஒரு சென்டிமீட்டர் மண் மூடுங்கள். தூவி விதைத்தால் பாதி விதை மேலேயே கிடந்து காயும், பாதி ஆழத்தில் புதையும். திட்டுத் திட்டாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகப் பருவம். மல்லி குளிர்ச்சியை விரும்புகிற செடி. மண் 20 முதல் 25 டிகிரியில் இருந்தால் ஏழெட்டு நாளில் முளைக்கும். இப்போது திருச்சி மொட்டை மாடியில் பகல் வெயில் 35 டிகிரியைத் தொடுகிறது, கறுப்புத் தொட்டிக்குள் அதைவிடச் சூடு. முளைப்பும் குறையும், வந்த செடியும் கையளவு உயரத்திலேயே தண்டு நீட்டிப் பூவுக்குப் போய்விடும். ஓசூர்க்காரர்கள் வருஷம் பூராவும் மல்லித்தழை அறுப்பது அந்த ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால். உங்களுக்குக் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி பாதி வரைதான் நல்ல காலம். அதற்கு முன்னும் பின்னும் வேண்டுமென்றால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்து, 30 நாளில் இளந்தழையாகப் பிடுங்கிவிட வேண்டும்.

நாற்றங்கால் எழுதியது:

சாய்வதைப் பற்றி. நீங்கள் விவரித்திருப்பது நாற்றழுகல். சாய்ந்த செடியைப் பிடுங்கி மண்மட்டத்தில் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் தண்டு பழுப்பாக, தண்ணீர் கோத்த மாதிரி சுருங்கியிருக்கும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து வட்டமாகப் பரவும். பித்தியம், ரைசோக்டோனியா என்ற பூஞ்சாணங்கள்தான் பெரும்பாலும் செய்கிறவை. இவை எல்லா மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். அவை பெருகுவதற்கு வேண்டியதையெல்லாம் நாம் செய்து கொடுத்தால்தான் நாற்று போகிறது.

உங்கள் கலவையில் மூன்றில் ஒரு பங்கு மாட்டுச் சாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். மட்கிய தொழுஉரமா, வெறும் காய்ந்த சாணமா? மட்கியது என்றால் கருப்பாக, உதிரியாக இருக்கும், சாண நாற்றம் துளியும் இருக்காது, மழை பெய்த மண் மாதிரி வாசனை வரும். வரட்டியைப் பொடித்த மாதிரி நாரும் வைக்கோலும் தெரிந்தால் அது மட்கவில்லை. தொட்டிக்குள் ஈரம் பட்டதும் அங்கேயே மட்க ஆரம்பிக்கும், சூடு கிளம்பும், பூஞ்சாணத்துக்கு அது விருந்து. விதை போடுகிற மேல் இரண்டு அங்குலத்துக்கு சாணமே வேண்டாம். கோகோபீட் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, அவ்வளவு போதும். கீழே உள்ள ஆறு அங்குலத்துக்குச் செம்மண், கோகோபீட், மட்கிய எரு சமபங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு.

கோகோபீட்டைப் பற்றி ஒன்று. கட்டியாக வருவதை ஊறவைத்து அப்படியே கலப்பவர்கள் அதிகம். தேங்காய் மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடுதல். பக்கெட்டில் நல்ல தண்ணீர் விட்டு, அரைமணி ஊறவைத்து, துணியில் வடித்துப் பிழியுங்கள். வடிகிற தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்திலிருந்து வெளிறும் வரை இரண்டு மூன்று முறை. மல்லி நாற்றின் இலை நுனி கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பைத்தான். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் மழைத்தண்ணீரைப் பிடித்து நாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். போர்வெல்லில் இருக்கிற உப்பு அதில் இன்னும் செறிந்து வருகிறது.

தண்ணீர் விடும் முறையை மாற்றினாலே பாதி சரியாகும். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்கத் தண்டின் அடி ஈரத்தில் நிற்கும். காலையில் ஒரு வேளை, பூவாளியால். பூவாளி இல்லையென்றால் பாட்டில் மூடியில் ஊசியைச் சூடுபண்ணி பத்துப் பதினைந்து ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கோகோபீட் மேலே வெளுத்துக் காய்ந்ததுபோல் காட்டும், அடியில் பிழிந்தால் சொட்டும். கண்ணை நம்பாமல் ஒரு விரலை முதல் கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விடுமுறை. முளை கிளம்பியதும் மண் மேல் கால் அங்குலத்துக்குக் கழுவிய ஆற்றுமணலைத் தூவினால் தண்டைச் சுற்றிய இடம் சீக்கிரம் காயும். இது செலவில்லாத வேலை, பலன் அதிகம். தொட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை ஐந்தாவது இருக்க வேண்டும். தொட்டி நேரே தளத்தில் உட்காராமல் இரண்டு செங்கல்லுக்கு மேல் இருக்கட்டும். வடிகாலுக்கும் நல்லது, தளத்தில் ஓதமும் ஏறாது.

மருந்து என்றால் ட்ரைக்கோடெர்மா விரிடி, கெட்ட பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணத்தின் பொடி. விதை நேர்த்திக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு. நம் ஒன்றரை ஸ்பூனுக்கு இரண்டு விரலால் கிள்ளிய அளவு போதும். ஊறவைத்த விதையை நிழலில் ஈரம் சுண்டவிட்டு, பொடியில் புரட்டி விதையுங்கள். அல்லது சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியை லிட்டருக்கு 5 கிராம் கலந்து, விதைத்த அன்றும் முளை வந்த வாரத்திலும் மண் நனைய ஊற்றலாம். ஏதாவது ஒன்று போதும். உரக்கடையில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியைக் கொடுப்பார்கள். நாற்றழுகலுக்கு அது வேலை செய்யும், ஆனால் ஒரு மாதத்தில் பறித்துச் சட்னி அரைக்கப்போகிற தழைக்கு அதை நான் சொல்லமாட்டேன். அதையும் ட்ரைக்கோடெர்மாவையும் சேர்த்துப் போட்டால் போட்ட பூஞ்சாணத்தை நீங்களே கொன்றதாக ஆகும்.

சாய்ந்தது பிழைக்காது. அந்த இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரை இரண்டு நாள் நிறுத்துங்கள்.

மணத்தக்காளி எழுதியது:

நாற்றங்கால் அண்ணா சொன்னதில் மறுப்பில்லை. பாத்திக்காரன் அண்ணா ஊறவைப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் போதும். ராத்திரி போட்டதை மறுநாள் மத்தியானம் வரை மறந்துவிட்டால் தண்ணீர் நுரைத்து, புளித்த வாடை வரும், அந்த விதைக்கு மூச்சு முட்டிவிட்டது. இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுவது நல்லது. அதன்பிறகு நேராக மண்ணில் போடாமல் துணியில் முடிந்து வெள்ளை முனை எட்டிப் பார்க்கும் வரை வைத்திருந்து விதைத்தால் திட்டு விழாது, செத்த விதை எது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பாத்திக்காரன் எழுதியது:

முளைகட்டி விதைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. முனை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் கையாளும்போது ஒடியும். மல்லிக்கு ஆணிவேர், அந்த முனை ஒடிந்தால் அந்த விதை முடிந்தது. வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே விதைக்க முடிகிறவர்கள் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமைதான் மாடிக்குப் போவேன் என்கிறவர்களுக்கு ஊறவைத்து நேரே விதைப்பதே பாதுகாப்பு.

இதே காரணத்துக்காகத்தான் மல்லியை நாற்று விடும் குழித்தட்டில் வளர்த்துப் பிடுங்கி நடுவதும் வேண்டாம் என்பது. வெந்தயம், சோயிக்கீரை இரண்டுக்கும் இதே விதி. திருநீற்றுப்பச்சிலையைத் தாராளமாகத் தட்டில் போட்டு நடலாம்.

மணத்தக்காளி எழுதியது:

சரி, அந்தத் திருநீற்றுப்பச்சிலைக்கே வருகிறேன். சப்ஜா விதை தண்ணீர் பட்டதும் ஜவ்வரிசி மாதிரி வழவழப்பான உறை கட்டும். ஊறவைத்துப் போட்டால் மொத்தமும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் கிளம்பாது. காய்ந்த விதையை நாலு மடங்கு மணலோடு கலந்து, ஈரமான மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். மேலே மண் போட்டு மூட வேண்டாம், போட்டாலும் விதை மறையும் அளவுக்குச் சலித்த உரம். பூவாளி அடித்தால் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், ஸ்ப்ரேயரால் பனித்துளி மாதிரி தெளியுங்கள். பழசாகாத விதை என்றால் ஐந்திலிருந்து ஏழு நாள். நாலாவது ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராகும். பூங்கதிர் தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் இலை மெதுவாக, மணமாக இருக்கும். வெயில் இதற்குப் பிடிக்கும், உங்கள் மாடியில் இப்போதே போடலாம்.

புதினா அழுகுவதற்குக் காரணம் தண்ணீருக்குள் இலை கிடப்பது. கட்டில் இருக்கிற இளம்பச்சைத் தண்டுகளை விட்டுவிட்டு, கருஞ்சிவப்பு ஓடிய, பேனா ரீஃபில் கனத்தில் இருக்கிற தண்டைத் தேடுங்கள். கணுவில் வெள்ளைப் புள்ளியாக வேர் முட்டிக்கொண்டிருந்தால் அதுதான் வேண்டும். நாலைந்து அங்குலம் விட்டு, கணுவுக்கு அரை சென்டிமீட்டர் கீழே வெட்டி, நுனியில் இரண்டு மூன்று இலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிள்ளுங்கள். தண்ணீரில் வைப்பதென்றால் இரண்டு கணு மட்டும் முழுகும் அளவு, தினமும் புதுத் தண்ணீர், ஜன்னலோரம். ஒரு வாரம், பத்து நாளில் வேர் வரும். அதைவிட நேரே மண்ணில் நடுவதையே நான் சொல்வேன். தண்டைப் படுக்கைவாக்கில் சாய்த்து, இரண்டு கணு மண்ணுக்குள், நுனி வெளியே. பத்து நாள் முழு நிழல், பிறகு தண்ணீர்த் தொட்டியின் பிற்பகல் நிழல் விழுகிற இடம். புதினா ஆழமாகப் போகாது, அகலமாக ஓடும். க்ரோ பேக்கைவிட மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி அதற்கு நல்ல இடம், கழுவி அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். வேறு எந்தச் செடியோடும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள், மூன்று மாதத்தில் மற்றதைத் தின்றுவிடும். பறிக்கும்போது இலை இலையாகப் பிய்க்காமல் இரண்டு அங்குலம் விட்டுத் தண்டோடு வெட்டுங்கள். இலைக்கு அடியில் துருப் பிடித்த மாதிரி செம்பழுப்புப் புள்ளி வந்தால் மருந்து தேடாமல் தரையோடு வெட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போடக் கூடாது. புதுத் தளிர் சுத்தமாக வரும்.

மழைக்கு முன்னால் ஏதாவது பச்சையாகப் பார்க்க வேண்டும் என்றால் வெந்தயம் போடுங்கள். வீட்டு டப்பாவில் இருக்கிற வெந்தயமே முளைக்கும். ஆறு மணி நேரம் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில். மூன்றாம் நாள் முளை, மூன்று வாரத்தில் கீரை. பயறு வகையைச் சேர்ந்த செடி என்பதால் தழைச்சத்தும் தனியாகக் கேட்காது. புறாவும் அணிலும் முளையைக் கிள்ளாமலிருக்கப் பழைய கொசுவலையை நாலு குச்சி நட்டுக் கட்டுங்கள்.

யாழ் முற்றம் எழுதியது:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து. விதையில வாறது எது, தண்டில வாறது எது எண்டு யோசிக்கேக்க றம்பையையும் கணக்கில எடுங்கோ. உங்கட பக்கத்து நர்சரியளில பிரியாணி இலைச் செடி எண்டு விக்கிறது இதுதான். இதுக்கு விதையே கிடையாது. அடியில பக்கக் கன்று வெடிக்கும். கன்று ஆறு அங்குலம் வந்த பிறகு, அதின்ர அடியில வெள்ளையா வேர் துருத்திக்கொண்டு நிக்குதோ எண்டு பார்த்து, தாயோட ஒட்டின இடத்தில கூரான கத்தியால வெட்டி எடுத்து நடுங்கோ. வேர் வராத கன்றை வெட்டினா அழுகிப்போம். அரை நிழலும் ஈரமும் இருந்தாக் காணும், வெய்யில் நேர பட்டா இலை மஞ்சளிச்சு வெளிறும். இலையைக் கீழ இருந்து மேல பிடுங்கிக்கொண்டு வாங்கோ, குருத்தில கை வைக்கக் கூடாது. பாஸ்மதி அரிசியில வாற வாசம்தான் இதிலயும், ரெண்டிலயும் இருக்கிறது ஒரே சேர்மம். கறிக்கு ரெண்டு அங்குலத் துண்டு காணும்.

திருச்சி மாடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சாணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தோம், நாரும் வைக்கோலும் அப்படியே இருக்கிறது. மட்கவில்லை என்பது உறுதி.

இன்னும் மூன்று கேள்வி. மல்லியை ஒருமுறை பறித்தால் மறுபடி வருமா, பிடுங்கிவிட வேண்டுமா? நர்சரியில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று க்ரோ பேக்கில் இருக்கிறது. புதுக் கொழுந்து மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. புளித்த மோர் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா? நாற்று சாய்ந்த தொட்டி மண்ணை என்ன செய்வது, கொட்டிவிடவா?

பாத்திக்காரன் எழுதியது:

மல்லி: ஆறு அங்குலம் வந்ததும் வெளிவட்டத் தண்டுகளை மட்டும் கத்தரியால் ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். குளிர்காலத்தில் இரண்டு முறை, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று முறை வெட்டலாம். நடுவில் தண்டு நீண்டு, இலை சோம்புத் தழை மாதிரி நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்தால் அது பூவுக்குக் கிளம்பிவிட்டது. அதன்பிறகு நுனியைக் கிள்ளினாலும் உரம் போட்டாலும் பழைய அகல இலை திரும்பாது. பிடுங்கிவிடுங்கள், அல்லது நாலு செடியை மட்டும் தேனீக்கு விட்டுவையுங்கள். பச்சைக் காயை ரசத்தில் தட்டிப் போடலாம், முற்றியது அடுத்த விதைக்கு ஆகும்.

உங்களிடம் மூன்று தொட்டி இருப்பது வசதி. மூன்றிலும் ஒரே நாளில் விதைக்காமல் பதினைந்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதையுங்கள். மூன்றாவது தொட்டி வெட்டுக்கு வரும்போது முதல் தொட்டி காலியாகியிருக்கும். நான்கு பேர் வீட்டுக்குத் தை முதல் மாசி வரை கடைத் தழை வாங்க வேண்டியிருக்காது. முளைத்துப் பதினைந்தாம் நாள் வரிசைகளுக்கு நடுவில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவி, பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஒருமுறை தெளித்தால் போதும். யூரியா போட்டால் தழை வாட்டசாட்டமாக வரும், அசுவினிப் பூச்சியும் கூடவே வரும், மணம் இருக்காது.

நாற்றங்கால் எழுதியது:

கறிவேப்பிலை: மஞ்சள் எந்த இலையில் என்பதுதான் முக்கியம். கீழே முதிர்ந்த இலை ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, எரு கேட்கிறது. புதுக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு கலந்த போர்வெல் தண்ணீர் மண்ணைக் காரமாக்கி அதை வேருக்கு எட்டாமல் பூட்டிவிடுகிறது. புளித்த மோரில் இருக்கிற அமிலம் அந்தப் பூட்டைக் கொஞ்ச நாளுக்குத் தளர்த்தும், அதனால்தான் மோர் ஊற்றியதும் துளிர்ப்பது போலத் தெரிகிறது. ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று மாதம் ஒருமுறை ஊற்றுவதில் தவறில்லை. கெட்டியாக ஊற்றினால் மண் மேல் ஏடு கட்டி எறும்பும் ஈயும் சேரும்.

உடனே பச்சை திரும்ப வேண்டுமானால் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட். லிட்டருக்கு 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து வடிகட்டி, வெயில் தாழ்ந்தபிறகு கொழுந்து நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. அதுவரை அந்த இலையைத் தாளிக்க எடுக்க வேண்டாம். தளத்திலும் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, செடியைத் தள்ளிவைத்துத் தெளியுங்கள்.

12 அங்குல பை அதற்கு ஒரு வருஷத்துக்குமேல் தாங்காது, 18 அங்குலத்துக்கு மாற்றுங்கள். முதல் வருஷம் பறிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். செடி ஒரு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை வெட்டி, அடியிலிருந்து ஐந்தாறு கிளை வரும்படி விட்டால் பிறகு வேண்டிய மட்டும் ஒடிக்கலாம். இலை மேல் பறவை எச்சம் மாதிரி கருப்பு வெள்ளையாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உற்றுப் பாருங்கள், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. இரண்டு மூன்று இருந்தாலே சின்னக் கன்றை மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்துவிடுவதுதான் வைத்தியம்.

விதையில் போட நினைத்தால் ஆடி, ஆவணியில் கருத்துப் பழுத்த பழமாக எடுத்து, சதையைப் பிதுக்கிக் கழுவி, அந்த வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். காயவைத்துப் பொட்டலம் கட்டிய கறிவேப்பிலை விதையை யாராவது தபாலில் அனுப்புகிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள். காய்ந்தால் அதன் உயிர் போய்விடும்.

மண்ணைக் கொட்ட வேண்டாம். நாற்றழுகல் பூஞ்சாணம் இளநாற்றைத்தான் சாய்க்கும், தண்டு முதிர்ந்த செடியைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மட்காத சாணம் கலந்திருப்பதால் ஒரு சாக்கில் ஈரமாகக் கட்டி, ட்ரைக்கோடெர்மா ஒரு டீஸ்பூன் கலந்து நிழலில் வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் சாணமும் மட்கிவிடும். அதற்குள் அவசரமென்றால் அந்த மண்ணில் கற்பூரவல்லித் தண்டை ஒடித்து நடுங்கள். நடும் முன் வெட்டுவாய் ஒரு நாள் நிழலில் உலரட்டும், தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். சித்திரை வெயிலில் மிச்ச மண்ணை நனைத்து நாலு அங்குலத் தடிமனில் மாடியில் பரப்பி, கண்ணாடி மாதிரி தெளிந்த பாலிதீன் தாளால் மூடி, ஓரத்தில் காற்றுப் போகாமல் செங்கல் அடுக்கி ஒரு மாதம் விடுங்கள். கறுப்புத் தாளைவிடத் தெளிந்த தாளில்தான் சூடு உள்ளே ஏறும். அதன்பிறகு அந்த மண்ணில் விதையும் போடலாம்.

திருச்சி மாடி எழுதியது:

இந்த வாரம் சப்ஜாவும் வெந்தயமும். மல்லிக்குத் துணியில் இருபது பாதி சுருட்டி வைத்தாயிற்று, தொட்டிக்குப் போவது கார்த்திகைக் கடைசியில்தான்.

மணத்தக்காளி எழுதியது:

சோதனையில் தேறினால் மீதி மல்லியை உடைக்காமல் முழுசாகவே வையுங்கள், கண்ணாடி பாட்டிலில், காற்றுப் புகாமல், அடுப்பு மேடைக்குத் தள்ளி. உடைத்ததை வாரக்கணக்கில் வைத்திருந்து விதைத்தால் இன்று பார்த்த எண்ணிக்கை அன்றைக்கு வராது.